வெனிஸில் தொலைந்து பாருங்கள், தெரியும்

"வெனிஸில் வழி தவறிப் போவதே தனி சுகம்" என்று முதலில் எழுதிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை. அந்த ஆள் கையில் பெட்டி இருந்திருக்காது, அவருக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியும் இருந்திருக்காது. வீடியோ போடுகிற அத்தனை பேரும் இதையே ஓதுகிறார்கள். மேப்பை அணைத்துவிடுங்கள், கால் போன போக்கில் போங்கள், ஊர் தானாகவே உங்களிடம் பேசும். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விமான நிலையப் பேருந்து ஊர் ஓரத்தில் இருக்கும் பியாஸாலே ரோமா சதுக்கத்தில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் காரும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. ஒன்று நடை, இல்லை படகு. படகு டிக்கெட் ஆளுக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். என் மண்டை உடனே ரூபாய்க் கணக்கைப் போட்டது. "நடந்தே போயிடலாம், முக்கால் மணி நேரம்கூட ஆகாது" என்றேன். இதற்காக என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

முதல் பாலமே கண்ணாடிப் படி. ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கலாட்ராவா வடிவமைத்து 2008-இல் திறந்த பாலம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்கள் வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்கலாம் என்று நகராட்சியே முடிவெடுத்த பாலம் அது. நடந்து போகும் ஊருக்கு வழுக்குகிற படி யாருக்கு வந்த யோசனையோ! அதற்குப் பிறகும் பாலம், பாலம், பாலம். ஊரில் 400-க்கு மேல் இருக்கிறதாம். பெட்டிக்குச் சக்கரம் இருந்து என்ன பயன்? பத்தடி உருட்டு, பதினைந்து படி தூக்கு, இறக்கு, மறுபடி உருட்டு.

சரி, படியாவது ஒரு தடவை ஏறினால் தீர்ந்தது. முகவரி இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கியது. சென்னையில் புது நம்பர், பழைய நம்பர் குழப்பத்திலேயே வளர்ந்தவன் நான். இவர்கள் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் தங்க எடுத்திருந்த வீட்டுக்குக் கிடைத்த முகவரி 'காஸ்டெல்லோ, ஐந்தாயிரத்துச் சொச்சம்'. காஸ்டெல்லோ என்பது பேட்டையின் பெயர். அவ்வளவுதான். தெருப் பெயர் இல்லை. ஊரை ஆறு பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்றிலிருந்து நம்பர் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். சான் மார்கோ 1 என்றால் பழைய அரண்மனை. காஸ்டெல்லோவில் 6,000-ஐயும் தாண்டுகிறது. நம்பர் ஒரு சந்தில் நுழைந்து, முற்றத்தைச் சுற்றி, எதிர்ச் சுவரில் திரும்பி வருகிறது. நீங்கள் நிற்கும் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் நானூறு நம்பர் தள்ளி எழுதியிருக்கும். தபால்காரருக்குப் புரியலாம். எனக்கு எப்படிப் புரியும்?

தெருப் பெயரைச் சேர்த்துக் கொடுத்தாலும் பெரிய லாபமில்லை. காலே டெல் ஃபோர்னோ, அதாவது ரொட்டி அடுப்புச் சந்து. எந்தக் காலத்திலோ அடுப்பு எரிந்த இடமெல்லாம் அதே பெயர்தான், பேட்டைக்குப் பேட்டை. போனில் நீலப் புள்ளி கால்வாய்க்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது; நாங்களோ இரண்டு சுவருக்கு நடுவில் ஒருக்களித்து நின்றோம். ஒரு சந்து போய்ப் போய்த் தண்ணீரில் முடிந்தது. வேலி கிடையாது, பலகை கிடையாது. சுவரில் மஞ்சளாய் 'சான் மார்கோவுக்கு' என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒரே சுவரில்!

"ஏங்க, இதே கிணத்த மூணாவது தடவயா பாக்குறோம்" என்றாள். அங்கே சின்ன சதுக்கம் ஒவ்வொன்றிலும் மூடிய கிணறு ஒன்று இருக்கும். வேறு கிணறு என்று சாதித்தேன். அதே கிணறுதான்.

உட்காரலாம் என்றால் திண்ணையா இருக்கிறது? சான் மார்கோ சதுக்கத்தில் படியில் உட்கார்ந்தாலே அபராதம். நாற்காலியில் உட்கார்ந்தால் காபி விலையே வேறு. அந்தச் சதுக்கத்துக் கடைகளில் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் நம்மிடம் தனியாகக் காசு. பொதுக் கழிப்பறைக்கு 1.50 யூரோ, அதுவும் கண்ணில் பட்டால்தானே! படாததால் ஒரு கடையில் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனோம். அந்தக் காபி அடுத்த கழிப்பறையைத் தேட வைத்தது.

இந்த அழகில், 2024-இலிருந்து சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வேறு. நாங்கள் இரவு தங்குகிறவர்கள், கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் கிடையாது என்பதற்கு இணையத்தில் பதிவு செய்து க்யூஆர் கோடு வாங்கி வைத்திருக்க வேண்டும். கட்டாததற்கும் ரசீது!

இரண்டே கால் மணி நேரம் கழித்து வீடு கிடைத்தது. அதே கிணற்றுக்குப் பின்னால் இருந்த சந்தில், இரண்டாவது கதவு. வீட்டுக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தார்: "தொலைந்து போனீர்களா? அதுதானே வெனிஸ்!"

என் மனைவி சொன்ன பதில் நல்ல வேளையாகத் தமிழில் இருந்தது. நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன்.