ஆறு தரிசனங்களும் கடவுளை ஏற்றவையா?

ஆத்திகம் என்றாலே கடவுள் நம்பிக்கைதான், அதனால் ஆறு ஆத்திக தரிசனங்களும் (அதாவது இந்தியத் தத்துவப் பிரிவுகளும்) கடவுளை ஏற்றவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. பழைய தத்துவ வழக்கில் வேதத்தைப் பிரமாணமாக, அதாவது அறிவுக்கு ஆதாரமாக, ஏற்பவர் ஆத்திகர், ஏற்காதவர் நாத்திகர். கடவுள் அங்கே அளவுகோலே இல்லை. மனுஸ்மிருதி 2.11 எடுத்துப் பாருங்கள், வேதத்தை நிந்திப்பவனைத்தான் நாத்திகன் என்கிறது. அப்புறம் அந்த ஆறில் ஒன்றான சாங்கியத்தின் நூல், சாங்கிய சூத்திரம் 1.92, ஈசுவரன் நிரூபிக்கப்படவில்லை என்கிறது (பின்னால் வந்த உரையாசிரியர் விஞ்ஞானபிக்ஷு இதற்கு மென்மையாகப் பொருள் சொன்னார், அது வேறு கதை). குமாரில பட்டர் இன்னும் ஒரு படி மேல்: வேதத்துக்காக வரிந்துகட்டி வாதாடிய அதே மீமாம்சகர் (மீமாம்சையும் அந்த ஆறில் ஒன்று), தன் சுலோகவார்த்திகம் என்ற நூலில் உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்பதை மறுக்கிறார். மூன்றுக்கும் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, நீங்களே படித்துப் பார்க்கலாம்.