கேரவன் இழுக்க ஆட்டோமேட்டிக்தான் நல்லது, அதில் கேவலம் எதுவும் இல்லை

நேற்று நம்ம சிட்னி குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியும். ஒரு தங்கச்சி கேட்டது ஒரே கேள்வி. முழுச் சுமையோடு 2200 கிலோ வரும் கேரவன் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) வாங்கப் போகிறோம், அதை இழுக்க மேனுவல் வண்டி வாங்குவதா ஆட்டோமேட்டிக் வாங்குவதா? அதற்கு வந்த பதில்கள்: "ஆட்டோமேட்டிக் ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதா?", "கியர் போடத் தெரியாதவங்க கேரவன் பக்கமே வரக்கூடாது", "வீட்டுக்காரர்கிட்ட விட்டுடும்மா". ராத்திரிக்குள் அந்தப் பெண் கேள்வியையே அழித்துவிட்டாள். அங்கேயே பதில் எழுதலாம் என்று போனால் கமெண்ட்டையும் மூடியிருந்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கேரவன் இழுப்பதற்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு மட்டும் இல்லை, நன்றாக ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான் நல்லது.

காரணம் சொல்கிறேன். இரண்டு டன்னைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, மேனுவலில் அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது கிளட்ச் பிளேட். வண்டி நகர்ந்து வேகம் எடுக்கும்வரை பிளேட் உரசிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் தேயும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையை என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்கிறது. அங்கே சுழல்வது ஆயில். கிளம்பும் நேரத்தில் என்ஜினின் முறுக்குவிசையை அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கியும் தருகிறது. சூடு அதிலும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு கூலருக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ரிவர்ஸ். குழுவில் வீரம் பேசிய அண்ணன்களில் ஒருவர்கூட ரிவர்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேரவனை ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போக வேண்டும். மேனுவலில் ரிவர்ஸ் கியர் போட்டுக் கிளட்சை முழுதாக விட்டால், ஐடிலிலேயே அதைவிட வேகமாகப் போகும். அப்படியானால் வழி முழுக்க ஹாஃப் கிளட்ச்தான். சரிவில் இருக்கும் இடமாக இருந்தால் இன்னும் மோசம்.

என் கணவரின் அத்தை மகன் ஒருமுறை கடற்கரைப் பக்கம் ஒரு கேரவன் பார்க்கில் மேட்டைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தார். பத்து வருஷத்துக்கு மேல் மேனுவல் ஓட்டியவர், நல்ல டிரைவர். கேரவன் கொஞ்சம் மடங்கும், முன்னால் இழுத்து நேராக்குவார், மறுபடி பின்னால் விடுவார். ஒவ்வொரு முறையும் கிளட்ச் உரசல். கொஞ்ச நேரத்தில் கருகின வாடை, அப்புறம் முன்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து லேசாகப் புகை. பக்கத்து இடத்தில் இருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். திரும்பும் வழியில் ஐந்தாவது கியரில் ஏற்றம் வந்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. ஊர் வந்து கிளட்ச் செட்டோடு ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவர் ஓட்டியதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? அந்த வேலைக்கு அந்தக் கிளட்ச் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"லோ ரேஞ்ச் போடலாமே" என்று கட்டாயம் யாராவது வருவீர்கள். எல்லா கியரையும் இன்னும் மெதுவாக்கும் 4x4 வசதி அது. போடலாம். ஆனால் பெரும்பாலான யூட்களில், அதாவது பிக்கப் வண்டிகளில், லோ ரேஞ்ச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில்தான் சுழலும். காய்ந்த கான்கிரீட்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும், உருள முடியாமல் இழுத்துக்கொள்ளும். கேரவன் ரிவர்ஸ் என்றாலே ஸ்டியரிங்கை ஒடிப்பதுதானே? மண்ணிலும் புல்லிலும் சரி, வீட்டு டிரைவ்வேயில் சரிப்படாது.

"மேனுவல்தான் அதிகம் இழுக்கும்" என்று இன்னொருவர் கணக்குப் போட்டிருந்தார். அது ஒரு காலத்தில் உண்மை. 2015இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 4x4 டீசலில் இழுக்கும் வரம்பு மேனுவலுக்கு 3500 கிலோ, ஆட்டோமேட்டிக்குக்கு 3200 கிலோ. 2020இல் இரண்டுமே 3500 ஆகிவிட்டது. அதோடு, அதே 2.8 லிட்டர் என்ஜினுக்கு ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்த கம்பெனி, மேனுவலில் 420க்கு மேல் கொடுக்கவில்லை. லேண்ட்க்ரூஸர் 300 ஆஸ்திரேலியாவில் மேனுவலில் வருவதே இல்லை. வருஷக்கணக்காக மேனுவலை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்த லேண்ட்க்ரூஸர் 79லும் 2023 கடைசியில் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. பண்ணைக்காரர்களும் சுரங்கக்காரர்களும் வாங்குகிற வண்டி அது. அவர்களிடம் போய் "இதெல்லாம் ஓட்டுறதா?" என்று கேட்பீர்களா?

டீசல் மிச்சமாகும் என்ற வாதத்துக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. பின்னால் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவர் லிட்டருக்கு அரை கிலோமீட்டரைப் பற்றிப் பேசுவதை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இறக்கத்தைப் பற்றிச் சொன்னவர்களுக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கவலை நியாயமானது. "ஆட்டோமேட்டிக்கில் என்ஜின் பிரேக் கிடைக்காது, பிரேக் சூடாகி நிற்காது" என்கிறார்கள். டி-யில் போட்டுவிட்டு அப்படியே இறங்கினால் அந்த ஆபத்து உண்டு. அதற்குத்தான் லீவரைத் தள்ளி மேனுவல் மோடில் மூன்றாவதோ நான்காவதோ பிடித்து வைக்க வசதி கொடுத்திருக்கிறார்கள். ஏற்றத்திலும் அதே மாதிரி ஒரு கியர் கீழே பிடித்து வைத்தால் கன்வர்ட்டர் பெரும்பாலும் லாக் ஆகியே, அதாவது ஆயிலில் நழுவாமல் நேராக இணைந்தே இருக்கும், ஆயில் சூடும் குறையும்.

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போய் மோதிய லாரிகளை நிறையப் பார்த்தவர். "ஏறின கியர்லதான் இறங்கணும்" என்று சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்வார். சொல்வது அண்ணனிடம். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அண்ணனுக்குத்தான். எனக்கு ஒரு நாளும் சாவி கிடைத்ததில்லை. நான் கற்றுக்கொண்டது இங்கே சிட்னிக்கு வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, ஆட்டோமேட்டிக் காரில். அப்பா இங்கே வந்திருந்தபோது வுல்லங்காங் பக்கம் மவுண்ட் ஊஸ்லியில் கேரவனோடு இறங்கினோம். லாரிகள் எல்லாம் இடப்பக்கம் லோ கியரில் ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் மூன்றாவதில் பிடித்து வைத்தேன், என்ஜின் உறுமியது. பக்கத்தில் இருந்த அப்பா டாஷ்போர்டில் அந்த 3 என்ற எண்ணை எட்டிப் பார்த்தார். "கியர்லதான் இறங்குறியா, சரி" என்றார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவருக்கு அது போதுமாக இருந்தது. குழுவில் இருப்பவர்களுக்குப் போதவில்லை.

இப்போது சிலர் "அக்கா, விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்ப் பெரிதாக்குகிறீர்கள்" என்பீர்கள். விளையாட்டு என்றால் எல்லோருக்கும் சிரிப்பு வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதே குழுவில் போன மாதம் ஒருவர், ஆண், இதே கேள்வியைக் கேட்டார். அவருக்குக் கூலர், டயர் பிரஷர், பிரேக் கன்ட்ரோலர் என்று எவ்வளவு பொறுமையாக எழுதினீர்கள்? வீட்டுக்காரரிடம் விடச் சொல்லி அவர் மனைவியை யாராவது தேடினீர்களா? இடது முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியாதவர்கள், என்னைப் போல முப்பதுக்கு மேல் ஓட்டக் கற்றவர்கள், கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டினால்தான் ஊர் போய்ச் சேர முடியும் என்கிற குடும்பங்கள், இவர்கள் எல்லாம் எங்கே போய்க் கேட்பது?

மேனுவல் பிடித்தவர்கள் மேனுவல் ஓட்டுங்கள். காலி ரோட்டில் எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் கேரவன் இழுக்க எது நல்லது என்று ஒருத்தி கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

தங்கச்சி, இதைப் பார்த்தால், உனக்கு என் பதில்: ஆட்டோமேட்டிக் வாங்கு. ஆயில் கூலர் இருக்கிறதா, இல்லையென்றால் பொருத்த முடியுமா என்று கேள். கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள். அந்த ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொன்னால் நம்பாதே, பாரம் இழுக்கும் வண்டிக்குச் சீக்கிரமே மாற்ற வேண்டும். 2200 கிலோ கேரவன் என்றால் அதை மாட்டும் டோபாலில் சுமார் 220 கிலோ உட்காரும், அது வண்டியின் பேலோடில், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையில் கழியும், பிள்ளைகளையும் சாமான்களையும் சேர்த்துக் கூட்டிப் பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்டில் ஹில் பக்கம் வந்தால் என் வண்டியையே கேரவனோடு ஓட்டிப் பார்க்கலாம். எங்கள் டிரைவ்வே நல்ல மேடு, ரிவர்ஸும் எடுத்துப் பார்.