2,000 பவுண்டு வரம்பு யார் தலையில் விழுகிறது?

லண்டனுக்கு வெளியே ஒரு நடுத்தர நிறுவனத்தின் சம்பளக் கணக்கு பார்க்கும் பேரோல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பென்ஷனுக்கான சாலரி சாக்ரிஃபைஸில் கைவைத்து, அதன் சலுகைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரம்பு போட்டதிலிருந்து என்னிடம் கேள்வி கேட்காத ஆளில்லை. நம் ஆட்களும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

சாக்ரிஃபைஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குப் பயம், எதையோ இழக்கிறோம் என்று. விஷயம் எளிமையானது. உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறீர்கள். நிறுவனம் அந்தத் தொகையை நேராக உங்கள் பென்ஷனில் போடுகிறது. அந்தப் பணம் சம்பளமாகக் கைக்கு வராததால் அதற்கு வருமான வரியும் இல்லை, அரசு பென்ஷன் முதலியவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸும் இல்லை. நிறுவனமும் தன் பங்கான 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸைக் கட்ட வேண்டியதில்லை. நல்ல நிறுவனங்கள் அப்படி மிச்சமாவதில் ஒரு பங்கையோ முழுவதையுமோ ஊழியரின் பென்ஷனிலேயே சேர்த்துவிடும்.

2029 ஏப்ரலிலிருந்து இந்த நேஷனல் இன்சூரன்ஸ் சலுகை ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரைக்கும்தான். அதற்கு மேல் போடுவதற்கு ஊழியரும் கட்ட வேண்டும், நிறுவனமும் கட்ட வேண்டும். வருமான வரிச் சலுகை அப்படியே இருக்கும்.

கேட்பதற்குப் பணக்காரர்களுக்குக் கடிவாளம் போட்டதுபோல இருக்கிறது. அரசின் வாதமும் அதுதான். இந்தச் சலுகையால் 2016-17இல் 280 கோடி பவுண்டு வருமானம் போனது, விட்டால் 2030-31இல் 800 கோடியாகிவிடும், பெரிய போனஸ் வாங்குகிறவர்கள்தான் இதில் கொழிக்கிறார்கள் என்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பவர்கள் இதில் சேரவே முடியாது என்பதும் உண்மை. கையில் வரும் சம்பளம் அந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சட்டம். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த மாற்றத்தால் அவர்களுக்கு ஒரு பென்னிகூடச் சேரப்போவதில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். எங்கள் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கும் ஓர் அண்ணன், வவுனியாக்காரர். ஷிஃப்ட் படியெல்லாம் சேர்த்து 45,000 பவுண்டு. அதில் 10 சதவீதம், அதாவது 4,500 பவுண்டு, பென்ஷனில் போடுகிறார். வரம்புக்கு மேல் 2,500. அவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 8 சதவீதம், எனவே ஆண்டுக்கு 200 பவுண்டு போகும். நிறுவனத்துக்கு அதே 2,500க்கு 375 பவுண்டு செலவு. இதுவரை தன் மிச்சத்தை அவர் பென்ஷனில் சேர்த்துவந்த நிறுவனம் இனி எதைச் சேர்க்கும்?

இப்போது 1,20,000 பவுண்டு வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20,000 பவுண்டைப் பென்ஷனில் போட்டுத் தன் வருமானத்தை ஒரு லட்சத்துக்குக் கொண்டுவருகிறார். அப்படிச் செய்தால் வருமான வரியில் மட்டும் அவருக்கு 12,000 பவுண்டு மிச்சம். அதில் யாரும் கைவைக்கவில்லை. வரம்புக்கு மேலான 18,000க்கு அவர் கட்டப்போவது 2 சதவீதம், வெறும் 360 பவுண்டு. சம்பளத்தில் 50,270 பவுண்டுக்கு மேலான பகுதிக்கு நேஷனல் இன்சூரன்ஸ் 8இலிருந்து 2ஆக இறங்கிவிடுகிறது அல்லவா, அதுதான் காரணம். ஆக, 4,500 போடுகிறவரிடம் 200, 20,000 போடுகிறவரிடம் 360. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணனின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012இல், 38 வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். நிறுவனங்கள் ஊழியர்களைத் தாங்களாகவே பென்ஷனில் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அரசு பென்ஷன் முழுதாகக் கிடைக்க 35 ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும். 67 வயது வரை ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் அவருக்கு 29 ஆண்டுதான் வரும். 2026-27 கணக்கில் முழுத் தொகை வாரம் 241.30 பவுண்டு. அவருக்குச் சுமார் 200. நடு வயதில் வந்து சேர்ந்த நம்மவர்கள் பலருக்கும் இதே நிலைதான். ஊருக்குப் பணம் அனுப்பி, வீட்டுக் கடன் கட்டி, மிச்சத்தில்தான் முதுமைக்குச் சேர்க்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப அவர்களிடம் இருப்பது இந்த வேலையிடப் பென்ஷன்தான்.

இந்தப் பென்ஷனில் போட வேண்டிய சட்டப்படியான குறைந்தபட்சம் 8 சதவீதம். ஊழியர் தரப்பில் 5, நிறுவனம் 3. இது முதுமைக்குப் போதாது என்று பல ஆண்டுகளாகவே பேசப்படுகிறது. மக்கள் ஏன் போதுமான அளவு சேர்ப்பதில்லை என்று ஆராய இதே அரசுதான் 2025 ஜூலையில் பென்ஷன் கமிஷனுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அதற்கு நான்கே மாதம் கழித்து, குறைந்தபட்சத்துக்கு மேல் போடுகிற நடுத்தர ஊழியரிடம் காசு கேட்கிறார்கள். 40,000 சம்பளத்தில் 5 சதவீதம் போட்டாலே 2,000 வந்துவிடும். 2029க்குள் சம்பளம் உயர உயர, இன்னும் எத்தனையோ பேர் இந்த வரம்பை முட்டுவார்கள்.

வரி கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டும். 50,270 வரை வாங்குகிறவர்களை இதிலிருந்து விட்டுவிடுங்கள், வரம்பை அதற்கு மேலே உள்ளவர்களுக்கு வையுங்கள் என்கிறேன். எங்கள் தொகுதி எம்.பி.க்கும் இந்தக் கணக்கோடு இதையேதான் எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், உங்கள் பேஸ்லிப் எண்களைப் போட்டு.

போன வாரம் அண்ணன் கேட்டார்: "தங்கச்சி, அப்ப நான் இதை நிப்பாட்டி விடட்டோ?" வேண்டவே வேண்டாம் அண்ணா என்றேன். வருமான வரிச் சலுகை இருக்கிறது, நிறுவனத்தின் பங்கு இருக்கிறது, 2029 ஏப்ரல் வரை பழைய விதியே இருக்கிறது. முடிந்தால் இந்த மூன்று ஆண்டில் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்றேன். அப்புறம், நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சத்தை அதன் பிறகும் தருவீர்களா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மின்னஞ்சலை இருவரும் சேர்ந்தே எழுதினோம். பதிலுக்குக் காத்திருக்கிறார்.