ரேடியாலஜிஸ்ட் வேறு, டெக்னீஷியன் வேறு

மேலே கமெண்டில் ஒருவர், இதய ஸ்கேன் பேராசிரியர் என்றால் மெஷின் ஓட்டுகிற டெக்னீஷியன்தான், டாக்டர் படிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டி, 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிப் படம் எடுப்பவர் டெக்னீஷியன் (அதுவும் லேசான வேலை இல்லை). அந்தப் படத்தைப் பார்த்து எந்த ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர்தான் ரேடியாலஜிஸ்ட். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருட எம்பிபிஎஸ், அப்புறம் 3 வருடம் எம்டி ரேடியோடயக்னோசிஸ் (ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மேற்படிப்பு), அதற்கும் மேல் இதய சிடி, எம்ஆர்ஐ-யில் தனிப்பயிற்சி. புதுச்சேரி ஜிப்மர் மாதிரி மருத்துவக் கல்லூரிகளில் இந்த எம்டி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதும் இப்படிப் படித்து வந்தவர்கள்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டில் பழைய சிடி ரிப்போர்ட் இருந்தால் எடுங்கள். கடலூரில் அப்பாவுக்கு எடுத்ததில் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் பெயர், எம்டி, பதிவு எண் மூன்றும் இருந்தன. அந்தப் பெயரையும் எண்ணையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் போட்டுத் தேடுங்கள், காசு கிடையாது. டாக்டராகப் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள்.