மங்கிக் கிடக்கும் சிறுபடங்கள்

தங்கை மகளின் காதணி விழாப் படங்களை அம்மாவிடம் காட்டலாம் என்று கேலரியைத் திறந்தால், கட்டம் கட்டமாக எல்லாமே எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கிக் கிடக்கின்றன. தொட்டுத் திறந்தால் குழந்தையின் கன்னத்தில் வழியும் கண்ணீர்த்துளிகூடத் துல்லியமாகத் தெரிகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் அதே மங்கல்தான்.

படக்கோப்புக்குள் வழக்கமாக 160-க்கு 120 புள்ளி அளவில் குட்டிப் படம் ஒன்றும் பொதிந்திருக்கும் என்றாலும், இன்றைய திரைக்கு அது போதாது என்பதால், கேலரி தனக்கென்று சற்றுப் பெரிய சிறுபடங்களை உருவாக்கிக் கேஷ் (cache) என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேமிப்பு பழுதானால் இந்தக் கூத்துதான்.

செட்டிங்ஸில் கேலரியின் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று கேஷை அழித்தேன். படங்கள் போகாது என்று தெரிந்திருந்தும், 'கிளியர் டேட்டா' பொத்தானை அதன் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருப்பதால் (எந்தப் புண்ணியவானின் யோசனையோ!) விரல் நடுங்கியது. எல்லாச் சிறுபடங்களும் மீண்டும் உருவாகும்வரை கைப்பேசி தோசைக்கல்லாய்ச் சுட்டது. இரண்டு நாள் தெளிவாக இருந்தவை மூன்றாம் நாள் பழையபடி மங்கிவிட்டன. அம்மாவோ, தம் பார்வையில்தான் கோளாறு என்றெண்ணி, மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.