22 கோடி ஃபைன் போட்டா நம்பிக்கை வந்துடுமா?

2025 டிசம்பர்ல ஃபிளைட்டுகளை கொத்துக் கொத்தா கேன்சல் பண்ண இண்டிகோவுக்கு, விமான கம்பெனிகளை கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ 22.20 கோடி ஃபைன் போட்டுச்சுன்னு போட்டு "டிஜிசிஏ மாஸ்"னு என் டைம்லைன்ல ஆளாளுக்கு ஷேர் பண்றீங்க. நல்லது. அந்தக் கம்பெனி 2024-25ல காட்டின லாபம் 7,258 கோடி. வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 20 கோடி வருது. அதாவது ஒரு நாள் லாபத்தை விட கொஞ்சம் கூட. மாஸ்தான்.

ஆனா எனக்கு எரியறது ஃபைன் கம்மியா போட்டதுல இல்ல. டிசம்பர் 5ஆம் தேதி நடந்ததை எல்லாரும் எப்படி இவ்ளோ சீக்கிரம் மறந்தீங்கங்கறதுதான். பைலட்டுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் ரெஸ்ட், நைட் லேண்டிங் 6ல இருந்து 2ன்னு ரூல் எழுதினது யாரு? இதே டிஜிசிஏ. எப்போ? 2024 ஜனவரியில. தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு, பைலட் சங்கங்க டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் 2025 நவம்பர் 1லதான் முழுசா வந்துச்சு. ஆள் பத்துமான்னு பாக்காமலே குளிர்கால ஷெட்யூல்ல கூடுதல் ஃபிளைட்டுக்கு ஓகேவும் குடுத்தாச்சு. ஒரு மாசம் தாங்கல, ஒரே நாள்ல ஆயிரம் ஃபிளைட்டுக்கு மேல கேன்சல், உடனே என்ன பண்ணாங்க? லீவையும் வார ரெஸ்ட்டையும் ஒண்ணா கணக்கு காட்டக்கூடாதுங்கற ஷரத்தை வாபஸ், நைட் லேண்டிங்க்கு இண்டிகோவுக்கு மட்டும் பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு. ஃபெயில் ஆன பையனுக்காக பாஸ் மார்க்கை குறைச்சிட்டு, அப்புறம் அவனுக்கே அபராதம் போட்டா அதுக்குப் பேரு கண்டிப்பா?

"ஏர்போர்ட்ல ஜனங்க தரையில படுத்துக் கிடந்தாங்களே, கவர்ன்மென்ட் வேற என்னதான் பண்ணும்"னு வருவீங்க. தெரியும். கல்யாணத்துக்குப் போக முடியாம நின்னவங்க, அப்பா சாவுக்குப் போக முடியாம அழுதவங்க வீடியோவெல்லாம் நானும் பாத்தேன், வயிறு எரிஞ்சுது. ஆனா உள்நாட்டு சந்தையில 60 சதவீதத்துக்கு மேல ஒரே கம்பெனி கையில போற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு, அவன் நின்னா நாடே நிக்கும்னு ஆனப்புறம் "வேற வழியில்ல"ன்னு சொல்றது எந்த ஊரு நியாயம்?

தூக்கம்னா உங்களுக்கு ஈஸியா போச்சு. எங்கப்பா லாரி டிரைவர். நாமக்கல்ல இருந்து முட்டை லோடு, ஓனர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், விடியறதுக்குள்ள இறக்கணும். ஈரத்துண்டை கழுத்துல சுத்திக்கிட்டு ஓட்டுவாரு. எதிர்ல வர்ற ரெண்டு லைட்டும் ஒண்ணா சேர்ந்து தெரிஞ்சா வண்டிய ஓரங்கட்டிடணும்டாம்பாரு. ஓரங்கட்டினதுக்கு ஓனர் கிட்ட அவர் வாங்கின பேச்சு எங்க வீட்டுக்கே தெரியும். அவராவது ஓரங்கட்ட முடிஞ்சுது. பைலட் எங்கய்யா ஓரங்கட்டுவான்?

2010 மே 22, மங்களூரு. 158 உயிர். துபாய்ல இருந்து ராத்திரி கிளம்பி விடியக்காலை இறங்கின ஃபிளைட். விசாரணை ரிப்போர்ட்லயே இருக்கு, கேப்டன் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல தூங்கியிருக்காரு, குறட்டை சத்தம் காக்பிட் ரெக்கார்டர்ல பதிவாகியிருக்கு, முழிச்ச மந்தத்துலயே இறக்கியிருக்காரு. கோ-பைலட் மறுபடி மேல ஏறலாம்னு சொல்லியும் கேக்கல. தூக்கத்துக்கு ரூல் எதுக்குன்னு இனிமே யாராவது கேப்பீங்க?

"குறை சொல்லியே பழக்கம், நாட்டை மட்டம் தட்டறே"ன்னு போன பதிவுல ஒருத்தர் எழுதினாரு. ரொம்ப நாளா தெரிஞ்சவரு, அதான் மனசு கஷ்டமா போச்சு. சார், டிஜிசிஏல கிட்டத்தட்ட பாதி போஸ்ட் காலின்னு சொன்னது நான் இல்ல, பார்லிமென்ட் கமிட்டி. ஆளே இல்லாத ஆபீஸ் எதை கண்காணிக்கும்? 2014ல அமெரிக்காக்காரன் நம்ம கண்காணிப்பு சரியில்லன்னு கேட்டகரி 2ங்கற கீழ் தரத்துக்கு இறக்கினான், அடுத்த வருஷமே சரி பண்ணி ஏத்திக்கிட்டோம். வெளியில இருந்து அடிச்சா மட்டும் எப்படி ஆள் கிடைக்குது?

2025 ஜூன்ல அகமதாபாத்ல விழுந்த ஏர் இந்தியா ஃபிளைட்டை எடுத்துக்கங்க. 260 பேர். முதற்கட்ட அறிக்கையில, ஃபியூயலை ஏன் கட் பண்ணேன்னு ஒரு பைலட் கேட்டாரு, நான் பண்ணலன்னு இன்னொருத்தர் சொன்னாருன்னு ரெண்டு வரி. யாரு கேட்டது யாரு சொன்னதுன்னு இல்ல. அந்த ரெண்டு வரியை வெச்சு உலகமே செத்தவங்களை கூண்டுல ஏத்துச்சு. செத்த கேப்டனோட 91 வயசு அப்பா, மகன் பேரைக் காப்பாத்த சுப்ரீம் கோர்ட் படி ஏறினாரு. விபத்தை விசாரிக்கிற ஏஏஐபியும் விமானத்துறை மினிஸ்ட்ரி கீழ, கண்காணிக்கிற டிஜிசிஏவும் அதே மினிஸ்ட்ரி கீழ. இதுல நம்பிக்கை வைக்கணுமாம்.

அப்புறம் "இண்டிகோவை கவனிச்ச நாலு டிஜிசிஏ இன்ஸ்பெக்டரை வேலையை விட்டே தூக்கினாங்களே"ன்னு ஒரு கோஷ்டி. ஆமா தூக்கினாங்க. நாலு பேருமே கான்ட்ராக்ட். விலக்கு ஆர்டர் போட்ட மேலிடத்துல யாரு சீட்டு ஆடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

கார் விபத்தை விட பிளேன் சேஃப்னு கணக்கு எடுத்துட்டு கமென்ட்ல வராதீங்க, பிளாக் பண்ணிடுவேன்.