தடம் அறுந்தால் கப்பல் ஒளிந்துவிட்டது என்று அர்த்தமா?

கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் தானாக அறிவிக்கும் கருவி ஏ.ஐ.எஸ். அந்தச் சிக்னலைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கி வரையும் வரைபடத்தில் ஒரு கப்பலின் தடம் சில மணி நேரம் அறுந்திருந்தால் போதும், "ஏ.ஐ.எஸ். கருவியை வேண்டுமென்றே அணைத்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். இது அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏ.ஐ.எஸ். செயற்கைக்கோளுக்காக வந்ததல்ல. அக்கம்பக்கத்துக் கப்பல்கள் மோதாமலிருக்க, 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஏற்பாடு. ஒவ்வொரு அலைவரிசையிலும் நிமிடத்துக்கு 2,250 ஸ்லாட்டுகள், அதாவது செய்தி அனுப்பும் நேரத் துண்டுகள். ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்கு எட்டும் தூரத்தில் கப்பல்களே அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும். செயற்கைக்கோளின் காதிலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பு ஒரே சமயத்தில் விழுகிறது. ஒன்றையொன்று அறியாத கப்பல்கள் ஒரே ஸ்லாட்டில் அனுப்பியவை அங்கே மோதிச் சிதைகின்றன. தென் சீனக் கடல் போன்ற நெரிசலில் பெரிய கப்பல்களின் 12.5 வாட் கருவிக்கே இந்தக் கதி. 2 வாட் ‘பி’ வகைக் கருவி வைத்த படகைக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதலில், அதே நேரத்தில், அதே பகுதியில், அதே வகைக் கருவியுள்ள மற்ற கப்பல்களின் சிக்னல் வந்ததா என்று பாருங்கள். அவையும் விட்டுப்போயிருந்தால், குறை சிக்னலை வாங்கும் பக்கத்தில்தான். மற்றவை ஒழுங்காக வந்து, இது மட்டும் பல மணி நேரம் இல்லையென்றால்தான் சந்தேகத்துக்கு இடம்.

அடுத்தது, கப்பல் அங்கே இருந்ததா என்று பார்க்க ரேடார் படம். ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 மேகத்தையும் இருட்டையும் தாண்டி 250 கி.மீ. அகலத்துக்குப் படமெடுக்கும். ஆனால் பெரும்பாலும் கரையோரக் கடலைத்தான். நடுக்கடலில் படமே கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் ஒரு பொறி உண்டு. ரேடார் பார்க்கும் திசையில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தில் நகரும் கப்பல், படத்தில் தன் உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும். முன்னும் பின்னும் வந்த ஏ.ஐ.எஸ். புள்ளிகளைக்கொண்டு, படமெடுத்த அதே நொடிக்குக் கப்பலின் இடத்தைக் கணக்கிட்டு, இந்த நகர்வையும் திருத்திய பிறகே பொருத்த வேண்டும். இல்லையேல் ஒரே கப்பல் இரண்டாகும்: ரேடாரில் ஒரு ‘மர்மக் கப்பல்’, ஏ.ஐ.எஸ்.ஸில் ஒரு ‘பொய்ப் புள்ளி’. எண்ணெய்க் கிணறுகள், காற்றாலைகளைப் பல நாள் படங்களை ஒப்பிட்டு நீக்குங்கள்; நகராமல் அங்கேயே இருப்பவை அவைதான்.

2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வின்படி, உலகின் தொழில்துறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏ.ஐ.எஸ். வழியிலான பொதுக் கண்காணிப்பில் இல்லை. அவை எல்லாம் திருட்டுக் கப்பல்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. மீன்பிடிக் கலங்களுக்கு எல்லா நாட்டுச் சட்டமும் ஏ.ஐ.எஸ்.ஸைக் கட்டாயமாக்கவில்லை.

உண்மையாக ஏமாற்றுபவர்களில் சிலர் மறைவதில்லை, பொய்யான இடத்தை அனுப்புகிறார்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே சரக்குக் கப்பலுக்கு 60 நாட் வேகம் வந்தால், ஒரே ஏ.ஐ.எஸ். அடையாள எண்ணை இரு கப்பல்கள் பயன்படுத்துகின்றனவா, அந்த வட்டாரத்தில் ஜி.பி.எஸ். குறுக்கீடு இருந்ததா என்று பாருங்கள். குறுக்கீடு என்றால் சுற்றியுள்ள கப்பல்களும் சேர்ந்தே தாவியிருக்கும்.